ஒரே அறையில் இரண்டு மாவு

என் கோபக்காரத் தங்கைக்கு,

நீ மூட்டை கட்டிக்கொண்டு போனால் பேக்கரி படுத்துவிடும் என்று நினைத்தாயா? ஜோராக நடக்கிறது. என் ஜப்பானியப் பால் ரொட்டி மாவுக்கு வெதுவெதுப்பு வேண்டும், வெண்ணெயை அடுக்கடுக்காக மடிக்கும் உன் பிரெஞ்சு குரோசான் மாவுக்குக் குளிர் வேண்டும் என்று ஒரே அறையில் தினமும் மல்லுக்கு நின்றோமே, இனி அந்தத் தொல்லை இல்லை.

குரோசானையும் நானே போடுகிறேன். உள்ளே என் இனிப்புப் பயறு விழுதை வைத்துச் சுருட்டினால் தட்டு உடனே காலி. எதிர்க்கடைத் தையல்காரர் மட்டும் ஒரு கடி கடித்துவிட்டு, "பயறு பிரமாதம்மா. மேல் அடுக்குதான் மொறுமொறுன்னு உதிரல. சின்னவ எப்ப வருவா?" என்றார்.

"அவ வந்தா என்ன, வராட்டி என்ன?" என்று இன்னொன்றை அவர் கையில் திணித்து வாயை அடைத்தேன்.

நான் இறங்கி வருவேன் என்று கனவு காணாதே.

நீ குரோசான் மாவு தேய்க்கும் பளிங்கு மேஜைக்கு மேலே இருக்கும் ஏசியை மட்டும் இன்னும் அணைக்கவில்லை. பால் ரொட்டி மாவுக்கு ஒரு போர்வை போர்த்தி வைத்திருக்கிறேன். நான் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு பிசைகிறேன்.

இப்படிக்கு,
எதையும் விட்டுக்கொடுக்காத உன் அக்கா