தையல் மிஷின் பக்கத்தில் ஒரு பச்சை விளக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன், இங்கே நாங்கள் இருவரும் நன்றாக இருக்கிறோம், ஒப்புக்கு எழுதவில்லை, நிஜமாகவே நன்றாக இருக்கிறோம், அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போன வாரம் போனில் நீ கேட்டதற்கு நான் மென்று விழுங்கிவிட்டு, கடைக்கு ஆள் வந்திருக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டேன், உனக்குக் கோபம் வந்திருக்கும். ஆள் யாரும் வரவில்லை. போனில் நான் ஒரு வார்த்தை சொல்வதற்குள் நீ பத்து வார்த்தை சொல்லிவிடுகிறாய், பள்ளிக்கூடம் போன நாளிலிருந்தே அப்படித்தான். கடிதத்தில் என்றால் நீ குறுக்கே பேச முடியாது.

அம்மாவை அந்தப் பராமரிப்பு இல்லத்தில் சேர்க்கலாம், இடம் சொல்லி வைத்திருக்கிறேன், மாசக் கடைசிக்குள் பதில் சொல்லுங்கள் என்றாய். உன்மேல் தப்பே இல்லை. அன்றைக்கு நான் முன்னறையில் மிஷினில் இருக்க, அவள் பின்னறையில் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்து, பக்கவாதம் வந்ததிலிருந்து குரல்தான் எழும்ப மாட்டேன் என்கிறதே, தானே எழப்போய்க் கட்டிலோரம் சரிந்துவிட்டாள். அடிநூல் தீர்ந்து பாபின் மாற்ற மிஷினை நிறுத்தியபோதுதான் எனக்குக் கேட்டது. அடி இல்லை, ஆனாலும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அதற்குப் பிறகு நீ இல்லம் என்றாய், உன் அத்தையும் அதையே சொன்னாள். அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். அம்மாவே அந்தக் குழறல் பேச்சில், "அனுப்பிடுங்க, எனக்கு ஒண்ணும் வருத்தமில்ல" என்று சொன்னாள் பார், அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

சரி, ஒரு பெல் வைத்துவிட்டால் தீர்ந்தது என்று நினைத்தேன். கடையில் ரெடிமேடாகக் கிடைக்குமே என்று கேட்பாய். ஒரு தையல்காரனிடம் ரெடிமேட் என்ற வார்த்தையைச் சொல்லலாமா? ஆனாலும் மானத்தை விட்டு வாங்கித்தான் பார்த்தேன். மிஷின் ஓடினால் அந்தச் சத்தம் எனக்குக் கேட்கவில்லை, ஓடாதபோது அது போட்ட கூச்சலில் அம்மாவுக்கே தூக்கிவாரிப் போட்டது. என் கண் எப்போதும் ஊசி முனையில்தான் இருக்கும், அங்கேயே ஒரு விளக்கு எரிந்தால் நான் தப்பவே முடியாது என்று தோன்றியது. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ரேடியோ, டிவி சாமான் விற்கிற கடை ஒன்று இருக்கிறது, அங்கே போய் நானே விளக்கு செய்யணும் என்றேன். கடைக்காரம்மா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

ஒரு எல்.இ.டி.யும் ஒரு சதுர பேட்டரியும் வாங்கி வந்து நேராக இணைத்தேன். பளிச்சென்று ஒரு தடவை எரிந்து உயிரை விட்டது. மறுநாள் போனால், "ரெசிஸ்டர் போடாம யாராவது கொடுப்பாங்களா, அது தாங்குமா" என்று கடைக்காரம்மாவிடம் நல்ல டோஸ். ரெசிஸ்டர் என்பது அரிசி அளவுக்கு ஒரு பொருள், பாய்ந்து வருகிற கரண்டைக் கொஞ்சம் இழுத்துப் பிடித்து அனுப்புகிறது. அதன் உடம்பில் கலர் கலராகக் கோடு, கோட்டைப் பார்த்தே அளவு தெரியுமாம். மஞ்சள், ஊதா, பழுப்பு என்றால் நானூற்று எழுபது ஓம். இது எனக்குச் சட்டென்று பிடிபட்டது, தலை கொஞ்சம் கனத்தும் போனது. அந்தக் கனம் இரண்டு நாள்கூட நிற்கவில்லை. எல்.இ.டி.க்கு இரண்டு கம்பிக் கால், ஒன்று நீளம், ஒன்று குட்டை. எனக்குத்தான் துணியில் பிசிறு தொங்கினாலே கண்ணை உறுத்துமே, வாங்கி வந்த அத்தனை விளக்கின் காலையும் கத்தரியால் ஒரே அளவாக வெட்டி வரிசையாக அடுக்கி வைத்தேன். பிறகு ஒன்று எரிகிறது, ஒன்று எரியவில்லை. எடுத்துப்போய்க் காட்டினால் கடைக்காரம்மா சிரித்த சிரிப்பில் வாசலில் நின்றவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். நீளமான கால்தான் பிளஸ்ஸாம், மாற்றிக் கொடுத்தால் எரியாதாம், அந்த அடையாளத்தைத்தான் நான் வெட்டி எறிந்திருக்கிறேன். நல்லவேளை, விளக்கின் விளிம்பில் ஒரு பக்கம் மட்டும் தட்டையாக இருக்கும், அது மைனஸ் என்று தடவிப் பார்க்கச் சொல்லிக் கொடுத்தார். அன்றிலிருந்து அந்தக் கடையில் எனக்குக் கால்வெட்டி டெய்லர் என்று பெயர்.

ஒயரை ஈயத்தால் பற்றவைக்கப் பழகுவதற்குள் இரண்டு விரலைச் சுட்டுக்கொண்டேன், இப்போது ஆறிவிட்டது, நீ பதறாதே. உன் அத்தை வந்து மேஜையைப் பார்த்துவிட்டு, "ஊசி நூலோட நிறுத்திக்கக் கூடாதாடா, வீட்டைக் கொளுத்திடப் போற" என்று திட்டினாள், போகும்போது எனக்கும் ஒண்ணு பண்ணிக் கொடு என்றாள். விளக்கை எரியவைக்கிற பட்டன் கடினமாக இருந்தால் அம்மாவின் விரலுக்குச் சிரமம் என்று பஞ்சு வைத்துச் சின்னத் தலையணை தைத்து அதற்குள் வைத்தேன், உள்ளங்கையை வைத்தாலே போதும். கையை எடுத்ததும் விளக்கு அணைந்துவிடுகிறதே, நான் அந்த நேரம் திரும்பியிருந்தால் என்ன செய்வது என்று கேட்டதற்குக் கடைக்காரம்மா கட்டைவிரல் தடிமனில் ஒரு கெப்பாசிட்டர் கொடுத்தார். அது கரண்டைக் கொஞ்சம் சேர்த்து வைத்துக்கொள்கிறது, கையை எடுத்த பிறகும் விளக்கு எரிந்து மெல்லமாகத்தான் மங்குகிறது. அதைப் பார்த்தபோது எனக்கு இருந்த சந்தோஷம், உன் முதல் மார்க் ஷீட்டுக்குக்கூட இருந்ததில்லை, கோபித்துக்கொள்ளாதே.

ஊசிக்குப் பக்கத்தில் பச்சை விளக்கு, அம்மா கைக்குப் பக்கத்தில் தலையணை பட்டன், நடுவில் சுவரோரமாக ஒயர். எல்லாம் ஜோர். அம்மா மட்டும் அதை அழுத்தவே இல்லை. தண்ணீர் வேண்டுமென்றாலும் நான் எழுந்து வரும்வரை பேசாமல் கிடந்தாள். எனக்கு ஆத்திரம், இத்தனை பாடுபட்டது எதற்கு என்று ஆகிவிட்டது. அம்மாவுக்குப் பயிற்சி கொடுக்க வருகிற பிசியோதெரபி பெண் வேறு, வாக்கரைப் பிடித்து நடக்கலாம், கால் தாங்கும், இவங்கதான் நடக்க மாட்டேங்கறாங்க என்று குறைப்பட்டாள். ஒருநாள் கேட்டே விட்டேன், ஏன் இதைத் தொடவே மாட்டேன் என்கிறாய் என்று. நேரம் எடுத்து, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள். "இந்த வீட்ல எல்லாரும் என்னைத்தான் கூப்பிடுவீங்க. இப்ப யாரும் கூப்பிடறதில்ல. நான் மட்டும் கூப்பிட்டுக்கிட்டே கெடக்கணுமா? எனக்கும் ஒரு விளக்கு வைங்க. நீங்க கூப்பிடுங்க."

நான் எழுந்து அந்த ரேடியோ கடைக்குப் போனேன். கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் போனேன், உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது. இரண்டாவது விளக்கைச் செய்ய ஒரே நாள்தான் ஆனது, இந்த முறை காலை வெட்டவில்லை. கட்டிலுக்கு எதிர்ச் சுவரில் விளக்கு, என் மேஜைக்கு அடியில் பட்டன். அந்தப் பிசியோதெரபி பெண்ணை அம்மா பக்கத்தில் நிற்க வைத்துவிட்டு அழுத்தினேன். வாக்கர் தரையில் ஊன்றுகிற சத்தம், பிறகு ஒன்றும் இல்லை, பிறகு மறுபடி சத்தம். எழுந்து ஓடலாமா என்று உடம்பு துடித்தது, மிஷினைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வந்தாள். வாசல் நிலையைப் பிடித்து நின்று மூச்சு வாங்கிக்கொண்டு, எதற்குக் கூப்பிட்டீர்கள் என்று கேட்டாள். நான் காரணம் ஒன்றும் யோசித்து வைக்கவில்லை, அசடு வழிந்தேன். "சும்மாவா இவ்வளவு தூரம் வரவெச்சீங்க" என்று திட்டினாள் பாப்பா, முழுசாக, பழைய மாதிரி.

இப்போது பகலெல்லாம் முன்னறை நாற்காலியில்தான் இருக்கிறாள். காலர் கோணல் என்கிறாள், வருகிறவர்களிடம் ஊர்க்கதை கேட்கிறாள். தேவையென்றால் அவளும் பட்டனை அழுத்துகிறாள், கூச்சமில்லாமல். இல்லத்தில் சொல்லி வைத்த இடத்தை வேறு யாருக்காவது கொடுத்துவிடச் சொல். அம்மாவைக் கேட்டேன், அவளும் அதைத்தான் சொன்னாள்.

வேளைக்குச் சாப்பிடு, மாப்பிள்ளையோடு எல்லாவற்றுக்கும் மல்லுக்கு நிற்காதே. நீங்கள் இருவரும் ஒரு குறையும் இல்லாமல் நீடூழி வாழ வேண்டும், அம்மாவும் நானும் மனசார ஆசீர்வதிக்கிறோம். ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். லீவுக்கு வரும்போது உள்ளே ஓடிப்போய் அவளைத் தூக்காதே. முன்னறையில் நின்று பட்டனை அழுத்து. கொஞ்சம் நேரம் ஆகும். அவளே வருவாள்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்
அப்பா