பிரேக் விளக்கைப் பார்த்தவன்

என் ஆசை மாமாவுக்கு,

உன்னைத் திட்டித்தான் இதைத் தொடங்குகிறேன். செத்தவனைத் திட்டக் கூடாதாம். சொல்கிறவளுக்கென்ன, அவள் புருஷன் கட்டிலில் குறட்டை விட்டுக்கொண்டிருக்கிறான். தானே புயலில் நம் லாரியின் முன்கண்ணாடி உடைந்தபோது, கண்ணாடியைச் சுற்றி நல்ல ரப்பராகப் போடு என்று எத்தனை தடவை கத்தினேன்? "ரெண்டு சொட்டு உள்ள வந்தா வண்டி கரைஞ்சிடுமாடி?" என்று சிரித்தாய். அந்த ரெண்டு சொட்டுதான் உன்னைக் கொண்டுபோய் அந்தப் பாவிகள் கையில் கொடுத்தது.

நீ போன பிறகு உன்னைப் பற்றி என்ன பேசினார்கள் தெரியுமா? சிதம்பரம் ரோட்டில் மழையில், சைக்கிளில் போன பெரியவரை இடித்துவிட்டு, லைட்டை அணைத்துவிட்டுத் தப்பிக்கப் பார்த்தாயாம். அதனால் ஜனங்கள் கோபப்பட்டு நாலு தட்டு தட்டினார்களாம். நாலு தட்டா? ஆஸ்பத்திரியில் உன் முகத்தை வைத்து எனக்கு உன்னை அடையாளம் தெரியவில்லை மாமா. காலில் அந்தக் கோணல் நகத்தைப் பார்த்துத்தான், ஆமாம், இது என் புருஷன் என்றேன்.

பெரியவர் பிழைத்துவிட்டார். கால் எலும்பு கூடி இப்போது கம்பு ஊன்றி நடக்கிறார். ஆனால் அடிபட்டதுமே மயங்கிவிட்டதால் அவர் ஒன்றையும் பார்க்கவில்லை. எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபமென்று உன் செல்போனையும் தார்ப்பாயையும் எவனோ கொண்டு போய்விட்டான்.

மறுநாள் நல்ல வெயில். வண்டியைச் சோதித்துப் பார்த்தபோது எல்லா லைட்டும் பளிச்சென்று எரிந்ததாம். லைட்டில் கோளாறு இல்லை, ஓட்டுநர்தான் அணைத்திருக்கிறார் என்று எழுதிவிட்டார்கள். சரி, ஓட்டுநரை அடித்தது யார் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. உலைவாயை மூடினாலும் ஊர்வாயை மூட முடியாது என்பார்கள். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அந்த ஊர்வாய் எப்படி மாமா அப்படி இறுக மூடிக்கொண்டது?

வண்டி வீட்டுக்கு வந்த அன்று உன் அக்கா, அதுதான் என் அம்மா, மண்ணெண்ணெய் கேனோடு வாசலுக்கு ஓடினாள். "என் தம்பிய தின்ன சனியன், இத கொளுத்துறேன்" என்று ஒரே ஆவேசம். நான் கேனைப் பிடுங்கி எறிந்தேன். கொளுத்தினால் நீ குற்றவாளியாகவே போய்விடுவாய் என்று எனக்கு அப்போதே உள்ளே ஒன்று சொல்லிற்று. ஆள்கள் அடித்து நெளித்திருந்த முகப்புத் தகரத்தை மாற்றி, சிவப்பு வண்டிக்குப் பச்சைப் பெயின்ட் அடித்தோம். என் தம்பி குமரேசன் ஓட்ட ஆரம்பித்தான்.

ஐப்பசி மழையில் ஆலப்பாக்கம் தாண்டிப் போய்க்கொண்டிருந்தவன், பட்டப்பகலில் வண்டியை ஓரங்கட்டிவிட்டு எனக்குப் போன் செய்து அழுதான். ஹெட்லைட், இண்டிகேட்டர், வைப்பர், எல்லாம் ஒரே நேரத்தில் செத்துவிட்டன. "அக்கா, மாமா அணைக்கலக்கா. அதுவா அணையுது."

இதை நாங்கள் சொன்னால் யார் நம்புவார்கள்? பொண்டாட்டியும் மச்சானும் அப்படித்தானே சொல்வார்கள் என்பார்கள். போதாததற்கு நாளைக்கு அதே இருட்டில், அதே ரோட்டில் என் தம்பி. இன்னொரு காலைப் பார்த்து அடையாளம் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

நெய்வேலிப் பக்கம் கான்ட்ராக்டில் ஓடிய வெளிநாட்டு ரக வண்டி என்று பீற்றிக்கொண்டு ஏலத்தில் எடுத்தாயே, அதில் டேஷ்போர்டுக்குக் கீழே ஒரு கறுப்புப் பெட்டி இருக்கிறது. பாடி கண்ட்ரோல் மாட்யூல் என்று பேராம். ஹெட்லைட்டும் வைப்பரும் அது சொன்னால்தான் வேலை செய்யும். கண்ணாடி ரப்பர் வழியாக இறங்கிய தண்ணீர் நேராக அதன் தலையில் சொட்டியிருக்கிறது. நம் ஊர் எலக்ட்ரீஷியன், "பெட்டிய கழட்டி வீசிட்டு டைரக்ட் லைன் குடுத்துடலாம்" என்றான். மாட்டேன் என்றேன். பெட்டி கெட்டிருக்கிறது என்று வெளியாள் ஒருத்தன் கண்ணால் பார்த்துச் சொல்ல வேண்டும். சிதம்பரம் பக்கத்திலிருந்து பாஸ்கர் என்று ஒருவனை வரச் சொன்னோம். புதுப் பெட்டியை வண்டிக்குப் பழக்க லேப்டாப் வைத்திருக்கிறவன் அவன்தான்.

குடிகாட்டில் பழைய பேரல் விற்கிற கடைக்குப் பக்கத்துக் காலியிடத்தில்தான் வண்டி நின்றது. பொழுது சாயும் நேரம். பாஸ்கர் நல்ல மாதிரியாகத்தான் பேசினான். மாற்றுவதற்கு முன்னால் கோளாறைப் பார்க்கணும் என்று, லைட், வைப்பர் எல்லாவற்றையும் போட்டுவிட்டுக் கண்ணாடியின் மேல் விளிம்பில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினான். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அப்புறம் வைப்பர் பாதியில் நின்றது. ஹெட்லைட் போயிற்று.

அவன் வண்டிக்குப் பின்னால் போனான். "குமரேசா, பிரேக்க மிதி" என்றான். "பாத்தீங்களாக்கா, பிரேக் லைட்டு மட்டும் எரியுது. அது இந்தப் பெட்டிக்கு வராது, தனி லைனு. அன்னிக்கும் இப்பிடித்தான், முன்னாடி கும்மிருட்டு, பின்னாடி மட்டும் செவப்பா..."

அதோடு நிறுத்திக்கொண்டான்.

"என்னிக்கு?" என்றேன்.

அவன் வண்டியை மேலும் கீழும் பார்த்தான். "இது முன்னாடி செவப்பு கலரா இருந்துச்சாக்கா?"

"நீ அங்க இருந்தியா?"

"எல்லாரும் அடிச்சாங்கக்கா. நானும்..."

"பிரேக் லைட்டு எரிஞ்சத பாத்தியா?"

"பாத்தேன்க்கா."

"ஓடுறவன் பிரேக்க மிதிப்பானாடா? கரென்ட்டு வேலை செய்யிற நாயி, ஒனக்குக்கூடவா தெரியல?"

ஜாக்கி லீவரை எப்போது எடுத்தேன் என்று தெரியாது. முதல் அடி தோளில். இரண்டாவதைக் கையால் தடுத்தான், விரல் நசுங்கியது. குமரேசன் என் இடுப்பைப் பிடித்து இழுத்தான், அவனையும் உதைத்தேன். உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது மாமா? அடிக்க அடிக்க எனக்கு இனித்தது.

அவன் போட்ட அலறலில் டீக்கடையிலிருந்து ஆள் ஓடி வந்தது. கம்பெனி ஷிப்ட் முடிந்து போனவர்கள் பைக்கை நிறுத்தினார்கள். "என்னாக்கா, திருடனா?" "பொம்பளகிட்ட வம்பு பண்ணானா?" நான் பதில் சொல்லவில்லை. அவர்களுக்குப் பதில் தேவையாகவும் இல்லை. ஒருத்தன் சட்டையைப் பிடித்துத் தூக்கினான், இன்னொருத்தன் மூஞ்சியில் விட்டான். கீழே விழுந்தவனை மிதித்தார்கள். பேரல் கடையிலிருந்து ஒருத்தன் கட்டை எடுத்துக்கொண்டு வந்தான். அடிபடுகிறவன் பேர் என்ன என்று ஒருத்தனும் கேட்கவில்லை. "அக்கா, சொல்லுங்கக்கா" என்று பாஸ்கர் என்னையே பார்த்தான். ஒரு வார்த்தை சொன்னால் போதும். நான் சொல்லவில்லை. நல்லா வாங்கு என்று நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவன் வாயிலிருந்து ரத்தம் கொட்டியது. சத்தம் குறைந்துகொண்டே வந்தது. அப்போதுதான் எனக்குச் சுரீர் என்றது. நீ பிரேக்கை மிதித்தாய், ஓடவில்லை. அதைப் பார்த்தேன் என்று வாய்விட்டுச் சொன்ன ஒரே ஒருத்தன் இவன். இவனை இவர்கள் கொல்லப்போகிறார்கள்!

போய் அவன் மேல் விழுந்தேன். அவன் தலைக்கு வந்த கட்டை என் முழங்கையில் இறங்கியது. இன்னும் மடக்க முடியவில்லை, எழுத்து கோணலாக இருந்தால் அதனால்தான். "விடுங்கடா! இவன் செத்தா எம் புருஷன் மேல போட்ட பழி போவாதுடா!" என்று கத்தினேன். ஒருத்தனுக்கும் புரியவில்லை. "பைத்தியம் போல" என்று சொல்லிவிட்டு டீயைக் குடிக்கப் போனார்கள்.

அவனை எழுப்பி உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்தேன். "வேலைய முடி" என்றேன். அவன் விரல் வீங்கிவிட்டதால் அவன் சொல்லச் சொல்ல குமரேசன் கழற்றினான். பழைய பெட்டியின் ஊசிகளெல்லாம் பச்சைப் பாசியாகக் களிம்பேறிக் கிடந்தன. புதுப் பெட்டியை மாட்டி, லேப்டாப்பில் அரை மணி நேரம் எதையோ தட்டினான். லைட் எரிந்தது. மறுபடியும் ஒரு வாளி ஊற்றினோம், அணையவில்லை. கண்ணாடி ரப்பரையும் மறுநாளே மாற்றிவிட்டேன்.

பெட்டியை மாற்றிய அன்று ராத்திரியே அவனையும் பழைய பெட்டியையும் ஏற்றிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனோம். லைட் தானாக அணைந்ததையும், பிரேக் விளக்கு எரிந்ததையும், வண்டி நின்ற பிறகு நீயாகவே இறங்கிப் பெரியவரைத் தூக்கக் குனிந்ததையும் ஒன்று விடாமல் சொன்னான். குனிந்திருந்தபோதுதான் அடித்தார்களாம். "மொத அடி யாரு அடிச்சது?" என்று எழுதுகிறவர் கேட்டார். அவன் என்னைப் பார்த்தான். "நான்தான் சார்" என்றான். அதற்குப் பிறகு மற்றவர்கள் பேரைச் சொன்னான்.

என் கை மறுபடியும் லீவரைத் தேடியது மாமா. இவனையா காப்பாற்றினேன்? நீ இருந்திருந்தால் என்ன செய்திருப்பாய்?

இப்போது ஜாமீனில் வெளியே வந்தும் அவன் ஊருக்குள் போக முடியவில்லை. கோர்ட்டில் வாயைத் திறந்தால் கை கால் இருக்காது என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். வழக்கு முடிய வருஷக்கணக்காகும் என்கிறார் வக்கீல். நேற்றுப் போன் செய்தான். "பயமா இருக்குக்கா" என்றான். "நல்லா பயப்படு. ஆனா செத்துத் தொலையாத" என்றேன்.

அவனை மன்னிக்கச் சொல்லாதே. கனவில் வந்து சொன்னாலும் கேட்க மாட்டேன். ஆனால் உன் மேல் சத்தியம். நீ பிரேக்கை மிதித்தாய் என்று கூண்டில் ஏறி அவன் சொல்லி முடிக்கிற வரைக்கும் அவன் மேல் ஒரு கை பட விட மாட்டேன். ஒவ்வொரு வாய்தாவுக்கும் நம் வண்டியில் என் பக்கத்தில் உட்காரவைத்துக் கூட்டிக்கொண்டு போவேன். உன்னை முதலில் அடித்தவனுக்கு நான்தான் காவல்.

உன் அக்கா மகள்,
உன் பொண்டாட்டி,
செல்வி