மீன் சமைக்காத வீடு

என் கூடப்பிறந்த ரெஜினா அக்காவுக்கு,

பத்தொன்பது வருஷமாக உன்னோடு பேசாதவள் எழுதுகிறேன். நீ போய்ச் சேர்ந்து வருகிற மாதத்தோடு ஒரு வருஷம் ஆகிறது. கோயிலில் உன் ஆத்துமத்துக்குப் பூசை எழுதி வைத்தாயிற்று. கோயில் உபதேசியார் உன் பெயரை ரோசலின் என்று எழுதிவிட்டார். பக்கத்திலேயே நின்று அடித்துத் திருத்தச் சொன்னேன். உயிரோடு இருக்கும்போது பேசாதவளுக்கு இப்போது என்ன அக்கறை என்று நீ சிரிக்கலாம். சிரி.

நம் சண்டை எதில் தொடங்கியது என்று உன் பிள்ளைகளுக்கே சரியாகத் தெரியாது. எனக்குத் தெரியும். எழும்பூர் ஸ்டேஷன், காலை நேரம். உன் மூத்தவளுக்குப் புதுநன்மை, முதல் முதலாக நற்கருணை வாங்குகிற நாள் என்று அம்மாவும் நானும் ரயிலேறி வந்திருந்தோம். நீ ஊதா நிறச் சேலை கட்டியிருந்தாய், தோளில் ஊக்குக் குத்தவில்லை. அம்மா கையிலிருந்த பையை வாங்கினாய். மோந்து பார்த்தாய். அங்கேயே குனிந்து பிரித்தாய். உள்ளே பழைய சேலைத் துணியில் சுற்றிய சீலாக் கருவாடு. அம்மா தன் கையால் உப்புத் தடவி, நாலு நாள் காக்காய்க்குக் காவல் இருந்து காயவைத்தது. அதை எடுத்து, பிளாட்பாரம் கூட்டிக்கொண்டிருந்த பெண்ணின் கையில் கொடுத்துவிட்டாய்.

"இது வீட்டுக்கு ஆகாதும்மா" என்றாய்.

அம்மா அந்தப் பெண்ணின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான்தான் பேசினேன். "ஏன், பட்டணத்துக்காரிக்கு நாறுதோ?" என்றேன். நீ திரும்பிப் பார்க்காமல் முன்னால் நடந்தாய்.

நாலு நாளும் உன் வீட்டில் சாம்பாரும் அப்பளமும்தான். அம்மா சோற்றைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கி வைத்ததெல்லாம் என் கண்ணிலேயே இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை உன் மகள் நன்மை வாங்கி முடித்ததும் நீ வந்து என் கையைப் பிடித்தாய். "ஏளா, பக்கத்துல ஒரு இடம் இருக்கு. அங்கன போய்ச் சாப்பிட்டுட்டு, பொறவு ரயிலுக்குப் போங்க" என்றாய். நான் கையை உதறிவிட்டு அம்மாவை ஆட்டோவில் ஏற்றினேன்.

அம்மாவின் சாவில் தலைமாட்டில் நீ இருந்தாய், கால்மாட்டில் நான் இருந்தேன். உன் சாவுக்கு வந்தேன், உன் நெற்றியைத் தொடவில்லை. இதெல்லாம் உனக்குத் தெரிந்தது. தெரியாததைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

இந்தத் தவக்காலம் முழுக்க நான் சென்னையில் இருந்தேன், என் மகள் மெர்சி வீட்டில். அவள் புருஷனுக்குத் துறைமுகத்தில் கண்டெய்னர் நம்பர் பார்த்து எழுதுகிற வேலை. தூத்துக்குடியில் இருந்தவனைக் கம்பெனி அங்கே மாற்றியது. மெர்சி ஒரு மருந்துக் கடையில் பில் போடுகிறாள். கடையில் அவளுக்கு நேரம் மாற்றிவிட்டதால், பேத்தி ஜெனி பள்ளிக்கூடம் விட்டு வரும்போது வீட்டில் ஆள் இல்லை. "பரீட்சை முடியுத வரைக்கும் வந்து இரும்மா. கருவாடு கட்டிக்கிட்டு வராத, ரயில்ல விட மாட்டுக்கான்" என்றாள். நம்பினேன்.

சின்ன வீடு. மாடியில் பின்பக்கம் ஓர் அறை, ஒரு அடுப்படி. ஆனால் ஜெனியின் பள்ளிக்கூடம் ஐந்து நிமிஷ நடை. அந்த நடைதான் அவர்களைத் தாங்கிக்கொண்டிருந்தது என்று போய்ப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. வேன் காசு இல்லை, பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் வைக்க வேண்டாம், மெர்சி வேலைக்குப் போகலாம். பெண்களுக்கு டிக்கெட் இல்லாத பஸ் வரும் வரைக்கும் மற்ற பஸ்களை விட்டுவிட்டு நிற்பாள். பால் பாக்கெட் ஒன்றை வாங்கி, காலைக்குப் பாதி, சாயங்காலத்துக்குப் பாதி. மாப்பிள்ளை ஞாயிற்றுக்கிழமையும் கேட்டு வாங்கி வேலைக்குப் போவான். இரண்டு பேர் சம்பாதிக்கிற வீட்டில் ஒரு காய்ச்சல் வந்தால் கலங்கிப்போகிறார்கள் அக்கா. நீயும் இப்படித்தான் இருந்தாயா? நான் ஒரு நாளாவது கேட்டேனா?

மீன் மட்டும் வாங்கவே மாட்டாள். கேட்டால், "அடுப்படிக்கு ஜன்னல் கிடையாதும்மா, புகை போகாது" என்பாள். அதையும் நம்பினேன்.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் கீழ் வீட்டிலிருந்து வீட்டுக்காரம்மா மேலே வந்தாள். என் வயசுதான் இருக்கும். கையில் ஒரு கிண்ணம் சுண்டல், சாமிக்குப் படைத்தது. நல்ல மாதிரியாகத்தான் பேசினாள்.

"உங்க பொண்ணு மாதிரி சுத்தமான குடித்தனம் கிடைக்காதும்மா. கிறிஸ்டியன்னு மொதல்ல யோசிச்சேன். சுத்த சைவம்னு சொன்னப்புறம்தான் மனசு சமாதானமாச்சு."

மகள் தவக்காலம் ஒழுங்காக இருப்பதைத்தான் சொல்கிறாள் என்று எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. "அதுல நாங்க ரொம்பக் கண்டிப்பும்மா. நாப்பது நாளும் இறைச்சி எங்க வாசப்படி ஏறாது. வெள்ளிக்கிழமைன்னா ஒருசந்தி. ஒரு நேரந்தான் சோறு."

"அடடே. அந்த ஒரு நேரம் என்ன சாப்பிடுவீங்க?"

"மீன்தான், வேற என்ன? புளி ஊத்தி ஒரு மீன் குழம்பு. மீன் இல்லாம என்ன ஒருசந்தி?"

நம் கரையில் யாரைக் கேட்டாலும் இதைத்தானே சொல்வார்கள்? ஆடும் கோழியும்தான் இறைச்சி. மீன் சாப்பிட்டேன் என்று யாராவது பாவசங்கீர்த்தனம் பண்ணியிருக்கிறார்களா?

"மீனா?" என்றாள் அந்த அம்மா. நீட்டின கிண்ணத்தை என் கையில் கொடுக்காமல் அப்படியே எடுத்துக்கொண்டு படியிறங்கிவிட்டாள். வேறு வீட்டுக் கிண்ணத்தை மாற்றிக் கொண்டுவந்துவிட்டாளாக்கும் என்று நான் கதவைச் சாத்தினேன்.

சாயங்காலம் மெர்சி தோளில் மாட்டின பையைக்கூடக் கழற்றாமல் வந்து நின்றாள்.

"அம்மா, வீட்டுக்காரம்மாட்ட என்ன சொன்ன?"

"கேட்டா. உள்ளதைச் சொன்னேன்."

"அவங்க மகன் போன் பண்ணுதாரு. அடுத்த மாசம் காலி பண்ணணுமாம்."

விஷயம் முழுக்க அப்போதுதான் வெளியே வந்தது. சைவக் குடும்பம் என்று பொய் சொல்லித்தான் அந்த வீட்டில் இருந்திருக்கிறாள். எனக்கு வந்த கோபம் உனக்குத் தெரியாததா?

"நம்ம சோத்தைக் கேவலமா நினைக்கவ வீட்ல உனக்கு என்னளா இருப்பு? நாளைக்கே வேற பாரு."

"எங்கன பாக்க? மீன் ஆக்கலாம்னு சொல்லுத வீடெல்லாம் நம்ம கைக்கு எட்டாதும்மா. எட்டுத வீடு மீஞ்சூர் தாண்டி இருக்கு. அங்கன போனா ஜெனிக்கு வேன், எனக்கு ரெண்டு பஸ்ஸு. பொறவு நான் வேலையை விட்டுட்டு வீட்ல இருக்க வேண்டியதுதான். உண்மையைச் சொல்லி வாங்குததுக்கு எங்களுக்கு இங்க வீடு கிடையாது."

"இந்தப் புத்தியை யாருளா உனக்குச் சொல்லிக் குடுத்தது?"

மெர்சி பையைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். பிறகு, "பெரியம்மா" என்றாள்.

நீதான் அக்கா.

அந்த வீட்டைத் தேடிக் கொடுத்ததே நீதானாமே. வீங்கின முழங்காலோடு ஒன்பது ஞாயிற்றுக்கிழமை அவளோடு தெருத்தெருவாக நடந்தாயாமே, வாடகைக்கு என்று போர்டு தொங்குகிற வாசலையெல்லாம் பார்த்துக்கொண்டு. என்ன கேட்பார்கள், என்ன சொல்ல வேண்டும் என்று பஸ் ஸ்டாப்பில் உட்கார்த்திச் சொல்லிக் கொடுத்தாயாமே. "ஒரு வாட்டி பொய் சொல்லிட்டு வீட்டுக்குள்ள போ. உள்ள போனப்புறம் அந்தப் பொய்க்கு உண்மையா இரு. மீனை அந்த அடுப்புல ஏத்திராத" என்றாயாம். அவளும் நாலு வருஷம் ஏற்றவில்லை.

நீயும் பதினாறு வருஷம் அப்படி ஒரு வீட்டில்தான் இருந்தாய் என்று மெர்சி சொன்னாள். உன் வீட்டுக்காரி வாசலில் நின்று வருகிறவர்களின் பையை எட்டிப் பார்ப்பாளாம். அம்மாவின் கருவாட்டைக் கொடுத்த அன்றைக்கு ஸ்டேஷன் முழுக்க அழுதுகொண்டே நடந்தாயாம். அதனால்தானே திரும்பிப் பார்க்கவில்லை?

"இத அன்னைக்கே என்கிட்ட ஏன் சொல்லலையாம்?" என்று மெர்சியிடம் கத்தினேன்.

"சொல்லியிருந்தா நீ நேரா அந்த வீட்டுக்காரிட்டச் சண்டைக்குப் போயிருப்பியாம். பெரியம்மா பிள்ளைகளோட தெருவுல நின்னுருப்பாங்களாம்."

பொய்யில்லை. போயிருப்பேன்.

மறுநாள் காலையில் மெர்சி வேலைக்குப் போன பிறகு நான் கீழே இறங்கினேன். யார் வாசலிலும் போய் நின்றவள் இல்லை நான். அந்த அம்மா உட்காரச் சொன்னாள். உட்காரவில்லை.

"மீனு சாப்பிடறது அவங்கவங்க வழக்கம்மா. பொய் சொன்னதுதான் எனக்கு ஆறல" என்றாள்.

"பொய்தான் சொன்னா. உள்ளதைச் சொல்லியிருந்தா வீடு குடுத்திருப்பியளா?"

"மாட்டேன்" என்றாள். மழுப்பாமல் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.

"அப்போ அவ என்ன செய்திருக்கணும்னு நீங்களே சொல்லுங்க."

அவள் வேறு ஒன்று கேட்டாள். "இந்த நாலு வருஷத்துல என் வீட்டு அடுப்புல மீன் ஏறிச்சா?"

"ஒரு நெத்திலி ஏறல. மாதா சத்தியம். எங்க ஆளுகளுக்கு அது எம்புட்டுக் கஷ்டம்னு உங்களுக்குத் தெரியாது. நாலு வருஷம் நீங்க மோர் இல்லாம இருந்து பாருங்க."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முகத்தைத் திருப்பி அடக்கிக்கொண்டாள். "மகன்கிட்ட பேசறேன்" என்றாள்.

இரண்டு நாள் கழித்து மகன் போன் பண்ணினான். இருக்கலாமாம். ஆனால் ஜூன் மாசத்திலிருந்து வாடகை ஆயிரத்தைந்நூறு ஏறுமாம். சிரித்தது அம்மா, கணக்குப் பார்த்தது மகன். அவனை நான் மறக்க மாட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மெர்சி என்னைக் காசிமேட்டுக்குக் கூட்டிப் போனாள். ரோட்டோரத்தில் ஒரு பெண் எண்ணெய்ச் சட்டி வைத்து மீன் வறுத்துக்கொண்டிருந்தாள். மெர்சியைக் கண்டதும், "இன்னைக்குப் பெரிய துண்டா இருக்கு, உக்காரு" என்றாள். நின்றபடியும் உட்கார்ந்தபடியும் அங்கேயே சாப்பிட்டோம். பிறகு மெர்சி எலுமிச்சம்பழ மூடியை எடுத்து ஜெனியின் விரல் விரலாகத் தேய்த்துக் கழுவிவிட்டாள். இதுவும் உன் பாடமாம். நீயும் உன் பிள்ளைகளை அங்கேதான் கூட்டி வருவாயாம்.

புதுநன்மை அன்றைக்கு எங்களை அங்கேதான் கூப்பிட்டாயா அக்கா? அம்மாவுக்கு மீன் வாங்கிக் கொடுக்கத்தானா?

என்னால் அதற்கு மேல் சாப்பிட முடியவில்லை. முள் என்று சொல்லிவிட்டேன்.

இனி வீட்டு நிலவரம். அந்த ஆயிரத்தைந்நூறுக்கு எதைக் குறைப்பது என்று மெர்சியும் மாப்பிள்ளையும் எழுதிப் பார்த்தார்கள். குறைக்க ஒன்றும் இல்லை, ஜெனியின் டியூஷனைத் தவிர. "அதுல கை வைக்காதிய" என்று சொல்லிவிட்டு, பரீட்சை முடிந்ததும் ஊருக்கு வந்தேன். என் வீட்டு முன்னறைக்குத் தெருப்பக்கம் தனிக் கதவு இருக்கிறது. வெள்ளையடித்தேன், கொல்லையில் தனியாக ஒரு குழாய் இழுத்தேன், வாடகைக்கு என்று நாலு பேரிடம் சொல்லி வைத்தேன்.

போன வாரம் ஒரு பெண் வந்தாள். ஸ்ரீவைகுண்டத்துக்காரி. இங்கே துறைமுகத்துப் பக்கம் ஒரு கிளியரிங் ஆபீஸில் புதிதாகச் சேர்ந்திருக்கிறாள், புருஷன் வேலை தேடுகிறான். தினமும் வந்துபோகிற வெளியூர் பஸ்ஸிலேயே சம்பளத்தில் பாதி போகிறதாம். அறையைச் சுற்றிப் பார்த்தாள், குழாயைத் திறந்து பார்த்தாள். வாடகையைச் சொன்னேன். முகம் கொஞ்சம் சுருங்கியது. பிறகு சரி என்றாள். போகாமல் அப்படியே நின்றாள்.

"வேற ஒண்ணும் கேக்கலையா ஆச்சி?"

"என்ன கேக்கணும்?"

"எல்லா இடத்துலயும் கேக்காங்க. என்ன ஆளுக, என்ன சாமி, வீட்ல என்னெல்லாம் ஆக்குவீங்கன்னு."

என் நாக்கைப் பற்றி உனக்குத் தெரியும். அவள் தாத்தா பெயர் வரைக்கும் கேட்கிற கேள்வியெல்லாம் தொண்டையில் வரிசையாக வந்து நின்றன. அவள் பதிலைத் தயாராக வைத்திருந்தாள், அது கண்ணிலேயே தெரிந்தது. எந்தப் பஸ் ஸ்டாப்பில் யார் சொல்லிக் கொடுத்ததோ.

"பூட்டு கொஞ்சம் இறுக்கம்" என்றேன். "சாவியைத் தூக்கிப் பிடிச்சுத் திருப்பணும்."

நேற்றுச் சாமான் கொண்டுவந்து இறக்கினார்கள். இன்றைக்குக் காலையில் அவள் அடுப்பில் என்னவோ தாளித்தாள். என்ன என்று மூக்குக்குத் தெரிந்தது. அதை உன்னிடம்கூடச் சொல்ல மாட்டேன். அந்த முன்னறைக்கு யார் வந்தாலும், நான் இருக்கிற வரைக்கும், அவர்கள் சட்டியில் என்ன கொதிக்கிறது என்று கேட்க மாட்டேன். இது நான் உனக்குக் கொடுக்கிற வாக்கு.

ஸ்டேஷன் சண்டையை விட்டுவிட்டேன் அக்கா. ஆனால் என் பிள்ளைக்காக ஒன்பது ஞாயிறு நடந்துவிட்டு, என் வாய்க்குப் பயந்து என்னிடம் சொல்லாமலே போய்விட்டாயே, அதை விடுவதாக இல்லை. நேரில் வந்து கேட்பேன். பதில் யோசித்து வை.

உன்னோடு பேசாமல் இருந்த நாளிலும் உன்னை மறந்து இருக்காத,
உன் தங்கச்சி
அமலோற்பவம்
தூத்துக்குடி