வெண்ணெய் போட்டவன்தான் ஆசி சொல்லணும்

டேய் நஃப்தலி,

நான் பஸ் ஸ்டாண்டுக்குப் போறேன். சாவி என் பனி பூட்ஸுக்குள்ள இருக்கு. இன்னிக்கு நம்ம சபாத் விருந்துக்கு இருபத்திரண்டு பேர்! இந்த வீட்டுக்கு நாம நாலு பேரும் குடிவந்தப்போ ஆறு பேர் வந்தாலே பெருசு. சூரியன் மறையறதுக்குள்ள கோழி சூப்பை ஹாட் பிளேட்ல ஏத்திடு. அப்புறம் சபாத் ஓய்வுநாள் ஆரம்பிச்சிடும், ஒரு சுவிட்சையும் தொடக்கூடாது, அதனால பாத்ரூம் லைட்டை எரியவிட்டுடு.

போன வாரம் கறிச் சட்டியில வெண்ணெய் போட்டு வெங்காயம் வதக்கினே. நம்ம யூத முறைப்படி கறியும் பாலும் கலக்கவே கூடாதே, மொத்தச் சாப்பாடும் வீணாச்சேன்னு எல்லார் முன்னாடியும் உன்மேல கத்திட்டேன். அதுலேர்ந்து நீ சமையல்கட்டுப் பக்கமே வரலை.

இப்ப கேளு. அன்னிக்குக் கதவோரமா உக்காந்திருந்தாளே ஒடேலியா, அவ போன் பண்ணினா. யூதக் குடும்பத்துல பொறந்தும் ஒரு ஜெபம்கூடத் தெரியாதாம், திரும்ப வர வெட்கமாம்.

"அந்த வெண்ணெய்க்காரனைத் துரத்திட்டீங்களா?"ன்னு கேட்டா.

"அவனையா? அவன் இல்லாம இந்த வீடே ஓடாது"ன்னேன்.

"அப்போ எனக்கும் ஒரு நாற்காலி போடுங்க"ன்னா.

அவளைக் கூட்டிவரத்தான் போறேன்டா. நான் வருஷம் முழுக்க அழகா மேஜை அலங்கரிச்சும் வராத தைரியம், உன் வெண்ணெயால அவளுக்கு வந்திருக்கு. இன்னிக்கு ஒயின் கோப்பையைத் தூக்கி நீதான் ஆசி சொல்லணும். எல்லார் முன்னாடியும் திட்டினேன்ல, எல்லார் முன்னாடியும் பெருமைப்பட்டுக்கறேன்.

தீர்சா

பி.கு: பாத்திரங்கள்ல டேப் ஒட்டியிருக்கேன், சிவப்பு கறிக்கு, நீலம் பாலுக்கு. ஒடேலியா மாத்தி எடுத்தா நான் கத்தமாட்டேன். வாயைத் திறந்தா மேஜைக்கடியில என் காலை மிதி.