ரத்தத்தில் பதினெட்டு

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

நலம்தானே? போனில் பேசினால் பாப்பா காதில் விழும், அதனால்தான் எழுதுகிறேன். ஆறு மாதமாக அவள் பள்ளிக்கூடம் போகாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பதும், சோம்பேறி, நடிக்கிறாய் என்று பெற்ற மகளையே நான் வாய்க்கு வந்தபடி திட்டியதும் உனக்குத் தெரியும். மனச்சோர்வு என்று டாக்டர் சொன்னதை நான் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

போன வாரம் ஆஸ்பத்திரியில் மனச்சோர்வுள்ள பிள்ளைகளை வைத்து ஏதோ ஆய்வு என்று ரத்தம் எடுத்தார்கள். உடம்புக்குள் அழற்சி இருந்தால் கூடுகிற அளவாம். ஐந்துக்குள் இருக்க வேண்டியது பதினெட்டு இருந்தது. எனக்குப் பொட்டில் அறைந்த மாதிரி ஆகிவிட்டது. நாள் முழுக்க எடைமேடையில் உட்கார்ந்து லாரிகளின் எடையை எழுதுகிறவன் நான். டிரைவர் சத்தியமே செய்தாலும் எண்ணைத்தான் நம்புவேன். அன்றிலிருந்து டாக்டர் எழுதிய மாத்திரையை வாங்கிக் கொடுக்கிறேன், அவளை ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து தலையைக் கோதிவிடுகிறேன். இத்தனை நாள் இதைச் செய்யாமல் போனேனே, அக்கா.

மாதக் கடைசியில் மறுபடி எடுப்பார்களாம்.

உன் தம்பி

மார்ச் 11

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதத்தைப் படித்துச் சந்தோஷப்படக்கூட முடியவில்லை. இருபது வருஷமாக ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் மாரடிக்கிறவள் சொல்கிறேன், கேள். மனச்சோர்வில் சில பிள்ளைகளுக்கு இந்த அளவு கொஞ்சம் கூடலாம். பலருக்குக் கூடுவதே இல்லை. பதினெட்டு என்றால் வேறெங்கோ சீழ் பிடித்திருக்கலாம். காது, பல், எல்லாவற்றையும் விசாரி.

அளவு இறங்கினால் நோய் போய்விட்டது என்று மாத்திரையை நிறுத்திவிடாதே. எழுந்திருக்க முடியவில்லை என்று என் மருமகள் சொன்னால் உனக்கு அது போதாதா? ரத்தம் வந்து சாட்சி சொல்ல வேண்டுமா? எனக்கு அலுத்துவிட்டதடா.

அக்கா

மார்ச் 30

அன்புள்ள அக்காவுக்கு,

பல்தான். கேட்டபோது ஒன்றுமில்லை என்று சாதித்தாள். மூன்றாம் நாள் கன்னம் வீங்கிய பிறகு இழுத்துக்கொண்டு போனேன். கடைவாய்ப் பல்லின் அடியில் சீழ். ஒரு மாதமாகவே வலித்திருக்கும் என்றார் பல் டாக்டர். பிடுங்கியாயிற்று.

திரும்பும்போது பஸ்ஸில், ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். ஜன்னல் பக்கம் பார்த்தபடியே சொன்னாள்: "பல் வலி இருந்தாலும் அந்த நம்பர் ஏறும்னு நர்ஸ் அன்னிக்கே சொன்னாங்கப்பா. நீங்க தலையைக் கோதிவிட்டீங்களா, அதான் சொல்லலை."

பஸ்ஸில் அத்தனை பேர் நடுவில் அழுதுவிட்டேன்.

நேற்று எடுத்த ரத்தத்தில் மூன்றுதான் இருக்கிறது. சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "இது எத்தனை காட்டினாலும் நீ சொல்றதை நான் நம்புறேன் பாப்பா" என்றேன். சரிப்பா என்றாள். எனக்கும் மனம் கொஞ்சம் ஆறியது. மாத்திரையையும் நானே எடுத்துக் கொடுத்தேன்.

இன்று காலை பார்த்தால் சீருடையோடு கட்டிலில் உட்கார்ந்திருக்கிறாள். இரண்டு பொத்தான்தான் போட்டிருக்கிறாள், மீதியைப் போட முடியவில்லை. யாரம்மா போகச் சொன்னது என்று கேட்டேன். மேசையிலிருந்த ரத்தச் சீட்டைப் பார்த்துவிட்டு மறுபடி பொத்தானைப் பிடித்தாள். நான் சொன்னதை அவள் நம்பவில்லை, அக்கா.

உன் தம்பி