சரோஜாவின் ஃபிரிட்ஜில் காலியான தட்டு

14-3-2006, செவ்வாய். ஈஜிபுரா.

புரதம். இந்தச் சொல்லை இன்றுதான் முதல் முறையாக எழுதுகிறேன். இந்த வயதில் இதுவும் எழுத வருகிறதே என்று ஒரு நிமிடம் சந்தோஷமாக இருந்தது. பிறகு கசந்துவிட்டது.

மகன் செல்வத்தின் ஈரலில் இருக்கும் கிருமி ஊசிக்கு அடங்கவில்லை. ஊசி மருந்தை மேல்வீட்டு சரோஜாவின் ஃபிரிட்ஜில், அவள் ஒதுக்கித் தந்த ஒரு தட்டில்தான் வைத்திருந்தோம். கரண்ட் போனதை மறைத்து மருந்தைக் கெடுத்துவிட்டாய் என்று போன மாதம் தெருவே கேட்கும்படி அவளைத் திட்டினேன். "கரண்ட் போயிருந்தா அதே ஃபிரிட்ஜுல வச்ச மீனு மட்டும் எப்படி கெடாம இருக்கும் பெரியப்பா?" என்றாள். அதற்கும் திட்டினேன்.

இன்று டாக்டர் சொன்னார். "மருந்து கெடலை பெரியவரே. கிருமி நுழைஞ்சா நம்ம உடம்புல இருக்கற செல்லு எதிர்த்து நிக்கச் சொல்லி தகவல் அனுப்பும். இந்த வைரஸ் செய்யற ஒரு புரதம் அதை நடுவுலயே வெட்டிடுது. இன்னொரு புரதம், ஊசி சொல்றதையும் செல்லு கேக்க விடலை. இனிமே ஊசி வேணாம், நிறுத்திடலாம்."

திட்டுவதற்குக்கூட எனக்கு ஆள் இல்லாமல் போய்விட்டது. கண்ணுக்குத் தெரியாததை எந்தத் தெருவில் நின்று திட்டுவது?

மாடி ஏறினேன். சரோஜா என்னைப் பேசவே விடவில்லை. "இன்னா பெரியப்பா, புது ஊசியா? குடுங்க, சண்டையை அப்புறம் வச்சுக்கலாம். அந்தத் தட்டுல நான் எதையும் வைக்கலை" என்று ஃபிரிட்ஜைத் திறந்து காட்டினாள். காலியாகத்தான் இருந்தது.

தப்பு என்னுடையது என்று சொல்லிவிட்டேன். இனி ஊசி இல்லை, அங்கே மீனை வைத்துக்கொள் என்று சொல்லத்தான் வாய் வரவில்லை.