ஸ்போர்ட்ஸ் டே முடியட்டும்

பிப். 10, செவ்வாய்

காலையில் பனி. பத்து மணிக்கே மண்டை காய்கிறது. தை கூட முடியவில்லை.

ஸ்போர்ட்ஸ் டேவுக்கு மார்ச் பாஸ்ட் பயிற்சி ஆரம்பம். கடைசி இரண்டு பீரியடும் கிரவுண்டில். எங்கள் கிரவுண்ட் என்பது ஸ்கூல் பஸ் நிற்கும் இடம். பஸ்களை வெளியே நிறுத்தினால் அது கிரவுண்ட். நோட்டீஸில் 'விசாலமான விளையாட்டு மைதானம்'.

செய்ய வேண்டியது: வெள்ளை ஷூவுக்குப் பாலிஷ் (சுண்ணாம்பு அடித்தால் போதும் என்கிறார் அப்பா). அக்கவுண்டன்சி பாக்கிக் கணக்குகள். சந்தியாவுக்கு எகனாமிக்ஸ் நோட்.

நான் நீல அணி, மூன்றாவது வரிசை, ஓரம். போன வருடம் பெரிய ட்ரம் அடித்த ட்வெல்த் அண்ணன் பாஸாகிப் போய்விட்டான். இடது கால் தரையில் விழும்போது பெரிய ட்ரம் விழ வேண்டும். அது தப்பினால் மொத்த ஸ்கூலும் தப்பும். பி.டி. சார் சில பையன்களை வைத்துப் பார்த்தார். ஒருத்தன் வேகம் ஏற்றிக்கொண்டே போனான், நாங்கள் கிட்டத்தட்ட ஓடினோம். கடைசியில் என் பெஞ்ச்காரி சந்தியா கை தூக்கினாள்.

"சார், நான் அடிக்கட்டா?"

"பொண்ணா?"

ட்ரம்மை வாங்கி மாட்டிக்கொண்டாள். அவ்வளவுதான். எல்லாக் கால்களும் ஒழுங்காகிவிட்டன. சார் வாயைப் பிளந்தார்.

"எங்க கத்துக்கின?"

"எங்கயும் இல்ல சார். சும்மா."

பின்னாலிருந்து தினேஷ்: "குப்பத்துல சாவுக்கு அடிச்சிருப்பா சார்."

எல்லாரும் சிரித்தார்கள். சாரும். சந்தியாவும். நான் சிரிக்கவில்லை என்று எழுத ஆசை. எழுத முடியாது.

பிப். 13, வெள்ளி

வெயில். தண்ணீர் டேங்க் காலி. பாட்டிலில் கொண்டுவராதவர்களுக்கு நாக்கு வறட்சி.

சந்தியா இன்றும் லேட். விடியும் முன்னால் அம்மாவோடு துறைமுகத்துக்குப் போகிறாள். ஏலத்தில் மீன் எடுத்து, கூடையை ஆட்டோவில் ஏற்றி, நெல்லித்தோப்பு மார்க்கெட்டில் அம்மாவை உட்கார வைத்துவிட்டு, வீட்டுக்கு ஓடிக் குளித்து, யூனிபாரம் மாட்டி ஸ்கூலுக்கு வருகிறாள். வந்தால் கேட் பூட்டியிருக்கும். முதல் பீரியட் முழுக்க வெளியே நிற்க வேண்டும். முதல் பீரியட் அக்கவுண்டன்சி. ஃபெயில் ஆவதும் அக்கவுண்டன்சி. அந்தப் பாடத்தை மூன்றாவது பீரியடுக்கு மாற்றினால் பாஸாகிவிடுவாள். இதைக் கண்டுபிடிக்கப் பெரிய மூளை வேண்டியதில்லை. ஆனால் எங்கள் ஸ்கூலில் 'மக்கு' என்று ஒரே வார்த்தையில் வேலை முடிந்துவிடுகிறது.

அவள் உள்ளே வந்ததும் ஹரிணி பெஞ்சுக்கு பாடி ஸ்ப்ரே அடித்தாள்.

"இன்னைக்கு இன்னா கொழம்பு சந்தியா?"

"சங்கரா. உனக்குத் தல வேணுமா, வாலு வேணுமா?"

வகுப்பே சிரித்தது. ஹரிணிக்கு முகம் தொங்கிவிட்டது. அப்புறம் பெஞ்சுக்கு அடியில் சந்தியா தன் விரல்களை மோந்து பார்த்ததை நான் மட்டும் பார்த்தேன்.

பிப். 19, வியாழன்

தலைவலி. வெயில்தான் காரணம் என்று வைத்துக்கொள்கிறேன்.

நோட்டுகளை வைக்க ஸ்டாஃப் ரூமுக்குப் போனேன். பக்கத்து அறைக் கதவு திறந்திருந்தது. வைஸ் பிரின்சிபால் மிஸ்ஸும் பி.டி. சாரும்.

"லெவன்த்ல அனுப்ப வேண்டியவங்களுக்கு எல்லாம் பேரன்ட்ஸ வரச்சொல்லியாச்சு சார். அந்த சந்தியா ஒண்ணுதான் பாக்கி."

"மேடம், மேடம். அவள விட்டா ட்ரம்முக்கு ஆளே இல்ல."

"அதான் தெரியுமே. ஸ்போர்ட்ஸ் டே முடியட்டும். திங்கக்கெழம அவங்க அம்மாவக் கூப்புட்டுக்கலாம்."

"தேங்க்ஸ் மேடம்."

எதற்குத் தேங்க்ஸ்?

புதிய விஷயம் இல்லை. பன்னிரண்டாம் வகுப்பில் ஒருத்தர் ஃபெயிலானாலும் நூற்றுக்கு நூறு ரிசல்ட் என்று போர்டு வைக்க முடியாது. அதனால் ஃபெயிலாகக் கூடியவர்களைப் பதினொன்றிலேயே டி.சி. கொடுத்து அனுப்பிவிடுவார்கள். வருடா வருடம் நடப்பதுதான். போகிறவர்களின் பெயர்களைப் பார்த்தால் ஒன்று புரியும். டாக்டர் பிள்ளை எவனும் போனதில்லை. அவன் ஃபெயிலானால் டியூஷன். குப்பத்துப் பிள்ளை, தட்டாஞ்சாவடி கம்பெனி லேபர் பிள்ளை ஃபெயிலானால் டி.சி. என் அப்பாவும் தட்டாஞ்சாவடிதான், லேத் பட்டறை. நான் மார்க் எடுப்பதால் இருக்கிறேன். எடுக்கிற வரைக்கும்.

நோட்டுகளை அங்கேயே போட்டுவிட்டு வந்தேன்.

பிப். 20, வெள்ளி

சைக்கிள் ஸ்டாண்டில் சந்தியாவிடம் சொல்லிவிட்டேன். சொல்லாமல் இருந்தால் வயிறு வெடித்துவிடும்.

கேட்டுவிட்டுச் செயினை மாட்டினாள். கை முழுக்க கிரீஸ்.

"ஸ்போர்ட்ஸ் டே முடியட்டும்னா சொன்னாங்க?"

"ஆமா."

"அப்ப நல்லா அடிச்சா விட்ருவாங்கடி."

"லூசாடி நீ? ட்ரம்முக்காகத்தான் இத்தன நாள் வெச்சிருக்காங்க."

"அதான் சொல்றேன். நல்லா அடிச்சா, அடுத்த வருஷத்துக்கும் ட்ரம்முக்கு ஆள் வேணும்ல?"

கணக்கு என்று பார்த்தால் அவள் போட்டது சரியான கணக்குதான்.

பி.காம் படிக்க வேண்டும் அவளுக்கு. ஏலக்காரன் அம்மாவை ஏமாற்றுகிறான், பில் படிக்க வீட்டில் ஆள் இல்லை, அதனால். எங்கள் வகுப்பில் காமர்ஸ் எடுத்ததற்கு ஒழுங்கான காரணம் வைத்திருக்கிற ஒரே ஆள்.

பிப். 25, புதன்

கால் முட்டி வலி. பி.டி. சார் தொண்டை கட்டி விசிலிலேயே பேசுகிறார்.

வரிசையின் நிறம் மாறுகிறது. வெள்ளையாக இருக்கிறவர்கள் முன்வரிசை, மேடைப் பக்கம். யாரும் அப்படிச் சொல்லவில்லை. "ஹைட் பாத்து நிக்கறோம்" என்கிறார்கள். என்னைவிடக் குட்டையான ஹரிணி எப்படி எனக்கு முன்னால் வந்தாள்? நான் இன்னும் ஓரம். மேடைக்கு எதிர் ஓரம்.

எனக்கு ஒரு யோசனை வந்தது. இடைவேளையில் சந்தியாவிடம் சொன்னேன்.

"மேடைக்கு நேரா வரும்போது நிறுத்திடு. அடிக்காத. அத்தன பேரும் முட்டிக்கினு நிப்பாங்க. சீஃப் கெஸ்ட் முன்னாடி மானம் போவட்டும்."

"நிறுத்துனா?"

"நிறுத்துனா தெரியும், நீ யாருன்னு."

"குட்டிப் பசங்க விழுந்துடுவாங்கடி. ஃபோர்த் ஸ்டாண்டர்டு எல்லாம் பின்னாடியே வருது."

"சந்தியா!"

"நான் அடிக்கிறதுன்னா ஒழுங்கா அடிப்பேன். உனுக்குக் கோவம்னா நீ நில்லு."

சரி. நான் நிற்கிறேன். மேடைக்கு நேராக, அசையாமல். முடிவு செய்துவிட்டேன்.

பிப். 28, சனி

ஸ்போர்ட்ஸ் டே. மேகம் ஒன்றுகூட இல்லை. இரண்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்று மயங்கி விழுந்தது. சீஃப் கெஸ்ட் வர ஒன்றரை மணி நேரம் தாமதம். அதுவரை வரிசையில் நின்றோம். மேடையில் ஷாமியானா, ஃபேன், ஜூஸ்.

சீஃப் கெஸ்ட் சொல்தா (சிப்பாய்) வீட்டு ஆள். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்று, பாதி வருடம் பாரிஸ், பாதி வருடம் இங்கே. வெள்ளைத் தொப்பி.

மார்ச் பாஸ்ட். அவள் அடிக்க ஆரம்பித்தாள்.

நான் நிற்கவில்லை.

நிற்கத்தான் போனேன். மேடை நெருங்கியது, காலுக்கு உத்தரவு போட்டேன். கால் கேட்கவில்லை. அந்த அடி நெஞ்சுக்குள் விழுகிறது, இடது கால் தானாக இறங்குகிறது. தலைகூடத் தானாக வலது பக்கம் திரும்பியது. ஹரிணி, தினேஷ், நான், எல்லாரும் ஒரே கால். இவ்வளவு ஒழுங்காக இந்த ஸ்கூல் ஒருநாளும் நடந்ததில்லை. நடத்தியது அவள்.

தொப்பிக்காரர் எழுந்து நின்றார். "ப்ராவோ! ப்ராவோ!" என்று கத்தினார். முடிந்ததும் சந்தியாவை மேடைக்குக் கூப்பிட்டுக் கை குலுக்கினார். என்ன படிக்கப் போகிறாய் என்று கேட்டிருக்கிறார். "பி.காம் சார்." பிரின்சிபால் பக்கத்தில் நின்று மைக்கில், "எங்க ஸ்கூல்ல பெண் குழந்தைங்களுக்கு இப்படித்தான் வாய்ப்பு குடுப்போம்." கைதட்டல். போட்டோ.

இறங்கி வந்தவள் வியர்வையில் நனைந்திருந்தாள். தோளில் வார் பதிந்து சிவந்து கிடந்தது.

"திங்கக்கெழம அம்மாவ வரச் சொன்னாங்கடி."

"யாரு?"

"வி.பி. மிஸ். சிரிச்சிக்கினேதான் சொன்னாங்க."

மார்ச் 2, திங்கள்

என்ன வெயில், என்ன காற்று, எதுவும் தெரியாது.

அஞ்சலை அக்கா, அதாவது சந்தியாவின் அம்மா, பட்டுப்புடவையில் வந்தார். தலை நிறையப் பூ. நாளைக்கு மாசி மகம், அதற்காக எடுத்து வைத்திருந்த புடவையாம். கையில் தூக்குவாளி. உரித்துக் கழுவிய இறால், ஐஸ் போட்டு. மேடையில் கை குலுக்கினார்கள், போட்டோ எடுத்தார்கள், அடுத்த வேலை நாளில் அம்மாவைக் கூப்பிடுகிறார்கள். பரிசு கொடுக்கத்தான் என்று நினைத்துவிட்டார். யார்தான் நினைக்கமாட்டார்கள்?

என்னையும் ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். கையெழுத்து நன்றாக இருப்பதால் நோட்டீஸ் போர்டு எழுதுவது நான். அந்த மாதிரி வேலை என்று நினைத்துப் போனேன்.

கிளார்க் சார்: "வாளிய வெளிய வைம்மா. நாத்தம்."

வி.பி. மிஸ் மென்மையாகப் பேசினார். கத்தியிருந்தால் பரவாயில்லை.

"உங்க பொண்ணு ட்வெல்த் பப்ளிக்ல தாங்காதும்மா. நீங்களே டி.சி. கேட்டு எழுதிக் குடுத்துட்டீங்கன்னா, லெவன்த் பாஸ் போட்டுத் தந்துடறோம். வேற ஸ்கூல்ல சேத்துக்கலாம். இல்லன்னா ஃபெயில்தான்."

"நல்லா அடிச்சாளே மிஸ்ஸு? தொப்பி போட்ட சாரு கூட கை குடுத்தாரே?"

"அது வேற, இது வேறம்மா."

பரீட்சை அடுத்த வாரம்தான் ஆரம்பம். பாஸும் ஃபெயிலும் இப்போதே ரெடி.

இந்த ஸ்கூல் யாரையும் அனுப்புவதில்லை. பெற்றோர்தான் 'கேட்டுக்கொள்கிறார்கள்'. அதற்கு ஒரு கடிதம் வேண்டும். அஞ்சலை அக்காவுக்கு எழுதத் தெரியாது. கிளார்க் சார் ஒரு வெள்ளைத் தாளை என் முன்னால் வைத்தார்.

"நான் சொல்லச் சொல்ல எழுது. 'குடும்பச் சூழ்நிலை காரணமாக.'"

நான் எழுதினேன்: 'பள்ளி நிர்வாகம் கட்டாயப்படுத்தியதன் காரணமாக.'

படித்துப் பார்த்தார். நான்காகக் கிழித்தார். கோபப்படவே இல்லை. இன்னொரு தாள் வைத்தார்.

"நீயும் அடுத்த வருஷம் இங்கதான படிக்கணும் புவனா?"

நான் பேனாவை மூடி எழுந்தேன். சந்தியா என் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"எழுதுடி. அம்மா இன்னும் கடையே போடல. மீனு கெட்டுடும்."

எழுதினேன். குடும்பச் சூழ்நிலை காரணமாக. என் சொந்த விருப்பத்தின் பேரில். தங்கள் உண்மையுள்ள.

அஞ்சலை அக்கா கையெழுத்து மட்டும் போடுவார். ஒவ்வொரு எழுத்தாக, நாக்கைக் கடித்துக்கொண்டு. போட்டுவிட்டுத் தாளைப் பார்த்தார்.

"ஒன் எழுத்து முத்து முத்தா இருக்கு பாப்பா."

மத்தியானம் மூன்று மணிக்கு அந்தத் தூக்குவாளி வி.பி. மிஸ் காரில் ஏறியது. நாத்தம் போய்விட்டது போலிருக்கிறது.

வீட்டில் சொன்னேன். அம்மா: "நீ இதுல தலையிடாத. வாய மூடிக்கினு இன்னும் ஒரு வருஷம் ஓட்டு." அப்பா சாப்பிட்டுக்கொண்டே இருந்தார்.

மார்ச் 20, வெள்ளி

பரீட்சை முடிந்தது. கசகசப்பு. சந்தியா எல்லாப் பரீட்சைக்கும் வந்தாள், எல்லாவற்றையும் எழுதினாள். அக்கவுண்டன்சியில் இருப்புநிலைக் குறிப்பு சரியாக வந்துவிட்டதாம். இரண்டு பக்கமும் ஒரே கூட்டுத்தொகையாம். சத்தியம் செய்தாள். யார் திருத்தப் போகிறார்கள்?

டி.சி. கையில் வந்துவிட்டது. 'நன்னடத்தை: நன்று.' கவர்ன்மென்ட் ஸ்கூலில் கேட்டதற்கு ட்வெல்த்தில் நேராகச் சேர்ப்பது கஷ்டம், ஜூனில் வந்து பாருங்கள் என்றார்களாம்.



மார்ச் 27, வெள்ளி

புழுக்கம். ட்வெல்த் ஸ்பெஷல் கிளாஸ் ஆரம்பம். சந்தியா இடத்தில் ஹரிணி பை வைக்கிறாள். ஷூ கடிக்கிறது. கிராஃப் நோட் வாங்க வேண்டும்.

கேட்டில் பி.டி. சார் பிடித்துக்கொண்டார்.

"புவனா, சந்தியா நம்பர் இருக்கா? நாளைக்கு யு.கே.ஜி. பட்டமளிப்பு. குட்டிங்க கறுப்பு கவுன் போட்டு வரிசையா வரணும். ட்ரம் இல்லாம ஒண்ணும் நடக்க மாட்டேங்குது."

"சார், அவ இந்த ஸ்கூல் இல்ல."

"தெரியும்மா. அதான் உன்னக் கேக்குறேன். ஒரு மணி நேரம் வந்து அடிச்சிட்டுப் போவட்டும். யூனிபாரம் இருக்கும்ல?"

நம்பர் இல்லை என்றேன். நேரில் சொல்லிவிடு என்றார்.

சாயங்காலம் மார்க்கெட்டுக்குப் போனேன். அவள் வாயிலிருந்து நாலு கெட்ட வார்த்தை கேட்க வேண்டும் எனக்கு. அதற்காகத்தான் போனேன். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து செதில் சீவிக்கொண்டிருந்தாள். சார் பேசிய மாதிரியே விசில் தொண்டையில் பேசிக் காட்டினேன். சிரிக்கவில்லை. திட்டவும் இல்லை. ஒரு மீனை முடித்து அடுத்ததை எடுத்தாள்.

"பெரிய ட்ரம்மா, சின்னதா?"

"பெருசுதான்."

"லூசாகிக் கெடக்கும். முன்னாடியே டைட் பண்ணி வெக்கச் சொல்லு. எத்தன மணிக்கு வரணும்?"

அஞ்சலை அக்கா தலை நிமிராமல், "யூனிபாரம் தோச்சிதான் வெச்சிருக்கேன்" என்றார்.

பத்து மணிக்கு என்றேன்.

"அப்ப லேட்டு ஆவாது" என்றாள்.